எண்ணெய் ஹைசுங்கும், மனைவிக்குத் தெரியாத நான்கு நாட்களும்

க்ளிக்... ஒரு நீண்ட முனகல்... பிறகு டக்.

அந்த டக்கோடு ஒரு சிவப்பு விளக்கு எரியும். எண்ணெயில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் ஹைசுங் உள்ள பழைய வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த விளக்கைத் தெரியும். அதன் கீழே 'ஸ்டேருங்' என்று எழுதியிருக்கும். கோளாறு என்று அர்த்தம். என்ன கோளாறு என்பதை அது சொல்லாது. அது வீட்டுக்காரரின் பாடு.

எட்டு வருடங்களுக்கு முந்திய ஒரு ஜனவரி. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு என்னைவிட வயது அதிகம். கெல்லரில், அதாவது நிலத்தடியில், நின்ற ஹைசுங்குக்கு ஏறக்குறைய என் வயது.

என் மனைவி சுகந்திக்குக் குறித்த நாளுக்கு மூன்று கிழமை முந்தியே பிள்ளை பிறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளையின் அறையில் இருபத்தொரு டிகிரி இருக்குமா என்று தாதி கேட்டார். இருக்கும் என்றேன்.

அது திங்கட்கிழமை பின்னேரம். அன்று மத்தியானமே ஹைசுங் நின்றுபோயிருந்தது. அறையில் பதின்மூன்று டிகிரி.

"வீடு சூடாக் கிடக்கோ அப்பா?" சுகந்தி ஒவ்வொரு நாளும் போனில் கேட்பாள்.

"ஓம், நல்ல சூடு." தடித்த ஜாக்கெட்டோடு நின்றுதான் சொல்வேன்.

திருத்துகிற கம்பெனியில் வந்து பார்க்க டெர்மின் தந்தார்கள். மூன்று கிழமை கழித்து.

தெரிந்தவர்களிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்... திரும்பப் பத்தவைக்கிற சிவப்புப் பட்டனை அமத்துங்கோ. "அமத்திப்போட்டு ஐஞ்சு நிமிசம் பொறுத்து இன்னொருக்கா அமத்துங்கோ" என்று ஒரு நண்பர் மிக உறுதியாகச் சொன்னார். அவருடைய வீட்டில் இருப்பது காஸ் ஹைசுங் என்பது பிறகுதான் தெரிந்தது.

கைநூலையும் முழுதாகப் படித்தேன். ஒரு தரத்துக்கு மேல் அமத்தக்கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. அது பொதுவாக எழுதிய அறிவுரை, அவசரத்தில் இருப்பவர்களுக்கு அல்ல என்று எடுத்துக்கொண்டேன்.

அமத்தினேன். சில வேளை பத்து விநாடி எரிந்தது. சில வேளை அதுவும் இல்லை.

சுகந்தியின் தமக்கை ராணி அக்கா பான் நகரிலிருந்து ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தார். பிள்ளைப்பெத்தவளுக்குச் சரக்குக்கறி வைக்க வேண்டும். கடைத் தூள் அவருக்கு ஆகாது. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே வறுத்து, அரைத்து, அரிதட்டில் சலிக்க வேண்டும். குசினியில் வறுத்தால் புகை அலாரம் கத்தும். வாசம் பிள்ளையின் உடுப்பில் ஏறும். அதனால் வந்த அன்றே மின்சார அடுப்பையும் மிக்ஸியையும் கெல்லருக்கு இறக்கினார்.

"வீடு வாங்கேக்கை உந்தப் பெட்டியைப் பாக்கேல்லையோ நீங்கள்?" என்று அரிதட்டைத் தட்டியபடி கேட்பார். நான் பட்டனை அமத்துவேன். ஒரு பக்கத்தில் அவர் அரிக்க, மற்றப் பக்கத்தில் நான் அமத்த... மூன்று நாள் இப்படித்தான் போனது.

வியாழக்கிழமை தர்சினி வந்தாள். இங்கேயே பிறந்து, ஹைசுங் வேலையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவள். தெரிந்த ஒருவர் அவளுடைய நம்பரைத் தந்திருந்தார்.

"எத்தினை தரம் அமத்தினனீங்கள் அண்ணை?"

"ஒரு... முப்பது இருக்கும்."

அவள் ஹைசுங்கின் கதவைத் திறந்தாள். டார்ச் வெளிச்சத்தில் அடியில் எண்ணெய் பளபளத்தது.

"அமத்தேக்கை எங்கை நிண்டனீங்கள்?"

நான் நிற்கும் இடத்தைக் காட்டினேன். கதவுக்கு நேரெதிரே. அவள் என் கையைப் பிடித்து இரண்டு அடி தள்ளி நிறுத்தினாள்.

"பத்தாத ஒவ்வொரு தரமும் எண்ணெய் உள்ளை நிண்டிருக்கு. எல்லாம் சேந்து ஒருக்காப் பத்தியிருந்தா, இந்தக் கதவு அந்தச் சுவருக்குப் போயிருக்கும். இதுக்கு மேலை ஆற்றை அறை?"

"பிள்ளையின்ரை."

அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

தர்சினி எரியும் பகுதியைக் கழற்றி, விரல் நுனி அளவு கண்ணாடி ஒன்றை வெளியே எடுத்தாள். நெருப்பு எரிகிறதா என்று பார்க்கிற உறுப்பு. நெருப்புத் தெரியாவிட்டால் எண்ணெயை நிறுத்திவிடும். அதன் மேல் மஞ்சளும் கபிலமுமாக ஒரு பசை. விரலால் துடைத்து மணந்து பார்த்தாள். தும்மினாள்.

"அண்ணை... இது மல்லி."

காற்றை இழுக்கும் விசிறிக்குள்ளும் அதுதான் இருந்தது. நான் பட்டனை அமத்திய ஒவ்வொரு தரமும் அந்த விசிறி சுழன்று, அக்கா அரித்த தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்திருக்கிறது.

மற்றப் பக்கத்தில் நின்ற அக்கா அரிதட்டை மெல்லக் கீழே வைத்தார். "என்ரை தங்கச்சிக்கெண்டெல்லோ அரிச்சனான்..."

"நல்லாத்தான் அரிச்சிருக்கிறியள் அக்கா" என்றாள் தர்சினி. "கொஞ்சம் கரகரப்பா இருந்திருந்தா உள்ளை போயிராது."

எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பீச்சுகிற முனையை மாற்ற அவளுக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. பிறகு அவளே அமத்தினாள். க்ளிக்... முனகல்... உள்ளே நெருப்புப் பிடிக்கும் சத்தம். அது நிற்கவில்லை. மூன்று பேரும் அதைக் கேட்டபடி அசையாமல் நின்றோம். அக்கா அழுதார்.

வெள்ளிக்கிழமை சுகந்தி பிள்ளையோடு உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி, "நல்ல சூடாத்தான் வச்சிருக்கிறியள்" என்றாள். அக்கா கறியைக் கிளறினார். நான் பையை மேலே கொண்டுபோனேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சுகந்தி இதை இங்கேதான் வாசிக்கப்போகிறாள்.

போன வருடம் அந்தப் பெட்டியையும் எண்ணெய்த் தாங்கியையும் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது வெளியே ஒரு வெப்பப் பம்பு நிற்கிறது. நல்ல பம்பு. தண்ணீரின் சூடு அரை டிகிரி குறைந்தாலும் எங்கள் இருவரின் போனுக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கும். நான் வாசித்து முடிக்குமுன்னே சுகந்தி கூப்பிட்டு என்னவென்று கேட்பாள்.

பழைய ஹைசுங் என்னைக் கொல்லப் பார்த்தது உண்மைதான். ஆனால் அது யாரிடமும் வாய் திறக்கவில்லை.