கண்ணாடிக் கடையில் ஒரு பிசிக்ஸ் பட்டதாரி

இயற்பியலில் பட்டம் வாங்கிய ஒரு பெண் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறாளாம். என்னோடு வேலை பார்ப்பவர் மதிய இடைவேளையில் சொன்னார். அவருக்கு எங்கள் ஊரிலிருந்து அவருடைய மாமியார் போனில் சொன்னது. "அவ்ளோ படிச்சும் தலையெழுத்தைப் பாருங்க" என்று அவர் உச்சுக்கொட்டினார். அந்த வாரம்தான் என் தங்கைக்குக் கல்லூரியில் இயற்பியல் சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் சம்மதம் பதிய வேண்டும். தவறினால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும்.

தங்கையும் இப்போது கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள்தான். மூன்று வருடம் படித்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதா? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்று மாலையே அம்மாவிடம் கொட்டிவிட்டேன்.

வீட்டில் அவளை நத்தை என்போம். பல் துலக்க அரை மணி நேரம், செருப்பு மாட்டக் கால் மணி நேரம். அவள் பள்ளிக்கூடம் முடித்த வருடம் அப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். நான் அதற்குள் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறியிருந்தேன். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கல்லூரிக்குப் போக வேண்டியவள் அந்த ஆளானாள். அப்பா நடமாட ஆரம்பித்ததும் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் மந்தம் என்று திட்டு வாங்கிய குணத்துக்கு அங்கே நிதானம் என்று பெயர். கருமணிக்கு நேராக லென்ஸின் மையத்தைக் குறிக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் போட்டவருக்குத் தலை வலிக்கும். அவள் குறித்த மையம் பிசகியதில்லை. பின்னறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். லென்ஸ் தூள் வெள்ளைக் குழம்பாகி அவள் முழங்கை வரை அப்பியிருக்கும்.

கடைக்காரருக்கு அவள்மேல் தனி அபிப்பிராயம். "கண் பரிசோதனைப் படிப்பு ரெண்டே வருஷம்மா. சனி ஞாயிறு போய்ட்டு வா. முடிச்சதும் முன்னறையில கண்ணு பாக்கற நாற்காலி உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அம்மா அந்த நாற்காலியை மனதுக்குள் துடைத்துப் போட்டேவிட்டாள்.

அப்படிப்பட்ட அம்மாவின் கையில் நான் தடியைக் கொடுத்திருக்கிறேன்.

"உங்கண்ணனே சொல்றான்டி. பிசிக்ஸ் படிச்சவ உன்னை மாதிரியே கையில மாவு பூசிக்கிட்டு நிக்கிறாளாம். நேரா நாற்காலியில உக்காராம, ஊரைச் சுத்தி எங்க போற?"

தங்கை உடனே என்னைக் கூப்பிட்டாள். "எந்தக் கடைண்ணா? அவங்களை நான் பாக்கணும்."

"பாத்து என்ன பண்ணப் போற?"

"என்ன தப்புப் பண்ணாங்கன்னு கேப்பேன். நான் அதைப் பண்ணாம இருக்கலாம்ல."

நான் அலுவலக நண்பரைக் கேட்டேன், அவர் மாமியாரைக் கேட்டார். புதன்கிழமை பதில் வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கு மேல் மாடி. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினால் படியெல்லாம் மிதக்கிறது என்று மாமியார் சண்டைக்குப் போயிருக்கிறார். அந்தப் பெண் பதிலுக்குக் குரல் உயர்த்தாமல், ஒரு காகிதத்தில் கோடு கிழித்து, வெளிச்சம் எங்கே வளைகிறது என்று காட்டினாளாம். எல்லாவற்றையும் தங்கையிடம் ஒப்பித்தேன்.



"அண்ணா, அது நான்தான்."

"நீயா? நீ எப்ப பட்டம் வாங்கின?"

"அந்தம்மா என்ன படிச்சிருக்கேன்னு கேட்டாங்க. ஸ்கூலோட சரின்னா, நான் சொன்ன விளக்கத்தையும் நம்ப மாட்டாங்கன்னு தோணுச்சு. பிசிக்ஸ்னுட்டேன்."

"பொய் சொல்லிட்டு..."

"நீ மட்டும் விசாரிச்சுட்டா அம்மாகிட்ட சொன்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். கல்லூரிப் படியையே மிதிக்காதவள், படித்துக் கெட்டவள் என்று கடல் தாண்டிப் பேர் வாங்கியிருக்கிறாள்.

அம்மா சிரிக்கவில்லை. "சரி, அது பொய். அதுக்காகப் படிச்சா வேலை கிடைக்கும்னு ஆயிடுமா?"



வியாழக்கிழமை இயந்திரத்தைப் பழுது பார்க்க மெக்கானிக் வந்தார். அவரும் இயற்பியல் படித்தவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம். பேசியதைத் தங்கை எனக்கு வரி பிசகாமல் சொன்னாள்.

"முடிச்சுட்டு ரெண்டு வருஷம் வீட்ல சும்மா இருந்தேன்மா. எங்க சித்தப்பா என்னைப் பாத்தாலே 'விஞ்ஞானி எந்திரிச்சாச்சா'ம்பாரு."

"இந்த வேலைக்கு பிசிக்ஸ் உதவுதா சார்?"

"எனக்கு ஸ்க்ரூடிரைவர்தான் உதவுது. டிகிரியோட நின்னா இப்படித்தான். என்கூடப் படிச்ச ஒருத்தி நிக்கலை. மேல படிச்சா, அப்புறம் பயிற்சிக்கும் போனா. இப்போ கேன்சர் ஆஸ்பத்திரியில யாருக்கு எவ்ளோ கதிர்வீச்சுன்னு கணக்குப் போடுறா. ஆனா அதுக்கு ஏழெட்டு வருஷம் ஆச்சு. அவ்ளோ பொறுமை இருக்கா உனக்கு?"

"வீட்ல என் பேரே நத்தைதான் சார்."

அவர் அந்தத் தோழியின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மூன்று முறை அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள். யாரும் எடுக்கவில்லை. அங்கே மூன்றரை மணி ஆனபோது என்னைக் கூப்பிட்டாள்.

"நீயாவது சொல்லுண்ணா. போடவா, வேணாமா?"

"நாற்காலி நிச்சயம்டா. இது... நடுவுல நீ நிறுத்திட்டா அதுவும் போச்சு, இதுவும் போச்சு."

"தெரியும். ஆனா ஒண்ணு சொல்லட்டா? படி ஏன் மிதக்குதுன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன்ல, அது பாதிதான். மீதி எனக்கே தெரியாது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தா மாட்டியிருப்பேன். நாற்காலியில உக்காந்தாலும் யாராவது கேட்டுட்டே இருப்பாங்களே."

"அதுக்காக ஏழெட்டு வருஷமா?"

"ஆள் வந்தாச்சு, வைக்கிறேன்."

அதன்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை திறந்து மூடினேன். அவளுக்கு ஐந்தடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது செய்தி வந்தது: "போட்டுட்டேன். ராத்திரி வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ முந்திக்காதே."

அவள் கடை அடைத்து வீடு போய்ச் சேர எட்டு ஆகும். அங்கே ஐந்து தாண்டி இரண்டே நிமிடத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். எடுத்தால், "என்னடா, போட்டாளா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள், நான் உளறிவிடுவேன். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். நின்றது. மறுபடி அடித்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்க்கிறார். மூன்றாவது தடவையாக அடிக்கிறது.