ஈரக் கையும் கம்ப்யூட்டர் போட்ட கோடும்

எண்பதுகளின் பின்பாதி. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர் பக்கம் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். விவசாய மோட்டார் கருகிப் போகாமல் காக்கும் பெட்டி செய்கிற கம்பெனி. பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் எந்தப் பாகம் எங்கே உட்காரணும், கரண்ட் ஓடும் செம்புக் கோடு எந்த வழியாகப் போகணும் என்று படம் போடுவது என் வேலை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் பிலிமை விரித்து, கோடு போகிற வழியெல்லாம் கறுப்பு டேப்பை பிளேடால் நறுக்கி நறுக்கி ஒட்டுவேன். சாயங்காலத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. எங்கள் ஆபீசில் முதல் ஏசியே அதற்குத்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும், அவ்வளவு மரியாதை! பாகங்களின் விவரம், எது எதோடு சேரணும், கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடைவெளி என்று சொல்லிவிட்டால் தானே படம் போட்டுவிடுமாம். மெட்ராசிலிருந்து வந்த இளம் இன்ஜினீயர் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகம்.

முதல் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஃபியூஸைக் கொண்டுபோய் நட்டநடுவில் வைத்திருந்தது.

"இத ஓரமா வைக்கணும் சார்."

"ஏன்?"

"போச்சுன்னா மாத்துறதுக்கு விரல் உள்ள போவணும் இல்ல?"

உடனே அதையும் ஒரு விதியாகத் தட்டினார். சூடாகிற பாகத்தை ஒட்டி, சூடு பட்டால் கெட்டுப்போகும் கண்டென்சரை வைத்தது. நான் கத்தினேன். மறுபடி "ஏன்?" சிலவற்றுக்கு எனக்கே காரணம் தெரியாது, எல்லாம் கைப்பழக்கம். அவர் யோசித்துக் காரணத்தைச் சொல்வார். அட, இதற்காகத்தானா இத்தனை நாள் அப்படிச் செய்தேன் என்று வாயைப் பிளப்பேன்.

சாப்பாட்டு வேளையில், பென்னலூரிலிருந்து, பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் வேலைக்கு வரும் அக்கா பிடித்துக்கொண்டார். "இன்னாடி, எல்லாத்தையும் அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டா அப்பால உனக்கு இன்னா வேல கீது? உன் வேலைக்கு நீயே உலை வெச்சிக்கினு கீற!"

சுருக்கென்றது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் எல்லாக் கோடுகளையும் இணைத்து முடித்தது. "சாம்பிளுக்கு அனுப்பிடலாம்" என்று இன்ஜினீயர் துள்ளினார். நான் திரையைப் பார்த்தேன். மூன்று ஃபேஸ் பெரிய கரண்ட் வருகிற கோடு, மோட்டாரை மறுபடி ஓடவைக்க அழுத்தும் பட்டனை உரசிக்கொண்டு போனது. எல்லாக் கோட்டுக்கும் ஒரே இடைவெளி என்றுதான் அதனிடம் சொல்லியிருந்தோம். பாவம், அது சொன்னதைச் செய்தது.

உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் கிளம்ப எழுந்தார். அதற்குமேல் முடியவில்லை.

"சார், எங்க வூட்ல இந்தப் பட்டன அழுத்துறது எங்கம்மாதான். வயல்லேர்ந்து ஈரக் கையோட நேரா வருவாங்க சார்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, இத நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேத்து எனக்கே தெரியாது சார். அது தப்பா போட்டாத்தான் எனக்குத் தோணுது."

திரையைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "அப்ப இது தப்பா போடுற வரைக்கும் நீ இங்கேர்ந்து நகர முடியாதும்மா!"

பெரிய கரண்ட் கோட்டுக்கு மட்டும் தனி இடைவெளி கொடுத்தோம், பட்டனை எதிர்ப்பக்க ஓரத்துக்குத் தள்ளினோம். கண்ணாடி மேஜையை அப்புறப்படுத்தினார்கள். என்னைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார வைத்தார்கள்.

டேப் ஒட்டுகிறவள் என்பதற்கு மேல் என்னைப் பற்றி நானே நினைத்ததில்லை. அந்த இன்ஜினீயர் விடாமல் ஏன், ஏன் என்று கேட்ட பிறகுதான், எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் யாராவது "நமக்கு இன்னாங்க தெரியும்?" என்று சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.