கறுப்புப் பைக்குள் இருந்தது

எங்கள் ஏலக்காய் கிட்டங்கியின் மூட்டை விவரம் மொத்தமும் மேடத்தின் கறுப்புப் பைக்குள்தான் இருக்கிறது என்று மூன்று மாதம் நம்பியிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போடியில் நான் வேலை பார்க்கும் அந்தச் சேமிப்புக் கிட்டங்கிக்குக் கணினி வந்த புதிதில், டேட்டாபேஸ் அமைத்துக் கொடுக்க தேனி அல்லிநகரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோனவர் மேடம். காலையில் பையைக் காலடியில் வைத்துவிட்டு எங்கள் கணினியில் தட்டத் தொடங்குவார். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவார். அதற்குள் லேப்டாப் இருக்கிறது, எங்கள் சர்வருக்கு உயிரே அதுதான் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். யாராவது அந்தப் பையைக் காலால் இடித்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

ஒருவருடைய மூட்டை இன்னொருவருக்குப் போகும்போது, கொடுப்பவர் பெயரில் கழிக்க வேண்டும், வாங்குபவர் பெயரில் சேர்க்க வேண்டும், வாசல் கேட்டில் காட்டச் சீட்டு அடிக்க வேண்டும். மூன்று கவுண்டரில் மூன்று பேர் மூன்று விதமாகச் செய்துகொண்டிருந்தோம். மேடம் அந்த வேலைகளை வரிசையாக ஒரே ஒருமுறை எழுதி, 'கைமாற்று' என்று பெயர் வைத்தார். அதன்பிறகு எந்தக் கவுண்டரில் யார் அந்தப் பெயரைத் தட்டினாலும் எல்லாம் ஒரே மாதிரி நடந்தது. ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்றார். எங்கே ஸ்டோர் செய்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே. அதே பந்தாவில்தான், முதலாளியிடம் இனி எதற்கு என்று சொல்லி, பழைய மூட்டை ரிஜிஸ்டர்களையெல்லாம் பேப்பர் கடையில் போட்டிருந்தேன்.

அன்று மேடம் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார். கம்பத்து ராவுத்தர் ஒருவரின் நாற்பது மூட்டையை ஒரு வியாபாரி பெயருக்கு மாற்ற வேண்டும். அந்த வருஷம் அவர் தோட்டத்தில் விளைந்ததே அவ்வளவுதான். வெளியே லாரி நின்றது. நான் கைமாற்றைத் தட்டிய நொடியில் கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கியிருக்கும், ஆனால் அதில் டீ கெட்டிலைச் சொருகி வைத்திருந்த புண்ணியவான் நான்தான். சர்வர் அணைந்தது.

"மேடமும் கெளம்பிட்டாகளே தம்பி. இப்ப என் மூட்டை ஆரு பேர்ல நிக்குது?" என்றார் ராவுத்தர், நிதானமாக.

மூட்டையின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்பது சர்வருக்குத்தான் தெரியும். இவர் பெயரில் கழிந்து, அவர் பெயரில் சேராமல் நடுவில் நின்றிருந்தால் நாற்பது மூட்டைக்கும் சொந்தக்காரர் கிடையாது. எனக்கும் வேலை கிடையாது. "டீ குடிங்க பாய், இந்தா வந்துர்றேன்" என்றேன். கெட்டிலும்தான் அணைந்திருந்தது.

தேனி பஸ்ஸைப் பைக்கில் துரத்தி, ஊருக்கு வெளியே ஒரு நிறுத்தத்தில் பிடித்து, ஏறியவுடன் மேடத்தின் மடியிலிருந்த பையைப் பற்றி இழுத்தேன்.

"ஏலே, பட்டப்பகல்ல பையப் புடுங்குற?" என்று கண்டக்டர் என் காலரைப் பிடித்தார்.

"விடுங்கண்ணே, எங்க ஆபீஸ் சாருதான்" என்றார் மேடம். மூச்சிரைக்க நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கழிக்கிறதையும் சேக்குறதையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனாக் கட்டி வச்சிருக்கேன் சார். நடந்தா ரெண்டும் நடக்கும். நடுவுல நின்னுச்சுன்னா ரெண்டுமே நடக்காது. போயி சர்வரப் போட்டுப் பாருங்க" என்றார்.

"ப்ரொசீஜர் பைக்குள்ள இருக்கே மேடம்?"

"அது சர்வருக்குள்ளயே இருக்கு சார்." என் முகத்தைப் பார்த்தவர், பையின் ஜிப்பைத் திறந்து காட்டினார். எட்டிப் பார்த்த கண்டக்டர்தான் முதலில் சிரித்தார்.

மேடம் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். போகும்போது அந்தப் பையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். என் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. கைமாற்று இன்றும் அவர் எழுதியபடியே ஓடுகிறது. கெட்டிலுக்குத் தனி ப்ளக் போட்டாகிவிட்டது.

அன்று நடந்தது இவ்வளவுதான். கரண்ட் வந்ததும் சர்வரைப் போட்டேன். நாற்பது மூட்டையும் ராவுத்தர் பெயரிலேயே இருந்தன. மறுபடி தட்டினேன், மாறின. லாரி கிளம்பியது. பைக்குள் இருந்தவை ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, அரைக் கிலோ அவரைக்காய்.