எண்ணூறு அடியில் ஏழு கடை

ஆலை கேன்டீனில் நானூறு பேருக்கு உலை வைக்கிற சமையல்காரம்மாவுக்கு இருபது வருடமாக ஒரே ஆசை. இன்னொருத்தர் ஆக்கி, இன்னொருத்தர் பரிமாற, சூடு ஆறுவதற்குள் தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கேன்டீனில் அவள் முறை வரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். சட்டியில் அடிவண்டல்தான் இருக்கும்.

அதற்காகவே இரண்டு நாள் லீவு போட்டு, சாப்பாட்டுக்குப் பேர்போன அந்த நகரத்துக்குக் கணவரோடும் மகளோடும் வந்தாள். கணவர் நில அளவையாளர். ஊரார் வைத்த பேர் 'டேப்பு'. பெண் பார்க்க வந்த அன்றே, கூடம் ஒரு பக்கம் அரை அடி கோணல் என்று மாமனாரிடம் சொன்ன மகான்.

ஓட்டலைப் பிடித்ததும் அவர்தான். மூன்று மாதம் மேப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேடினார். அறை தீப்பெட்டி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். ஆனாலும் ஊருக்கு நட்ட நடு.

"எண்ணூறு அடிக்குள்ள ஏழு சாப்பாட்டுக் கடை. இந்த மாதிரி இடம் எவனுக்கு அமையும்?" என்றார், ஏழையும் தானே கட்டிவிட்டவர் போல.

"அதுல ஒண்ணுக்குப் போலாங்க. பசிக்குது."

"அவசரப்படாத. மேப்பு சொல்றது சரியான்னு பாக்க வேணாமா?"

முதல் நாள் மதியம் பார்த்தார்கள். முன்னால் டேப்பு, ஒரே அளவாகக் காலெடுத்து வைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு. பின்னால் தாயும் மகளும். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நோட்டில் குறித்தார். உள்ளேயிருந்து பொரித்த மீன் வாசனை வந்தது. யாராவது இடித்துவிட்டால் எண்ணிக்கை தவறிவிடும். மறுபடியும் ஓட்டல் வாசலிலிருந்து ஆரம்பம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். இவர் அடிமேல் அடி வைத்ததில் ஏழு கடையிலும் மதியச் சாப்பாடு தீர்ந்ததுதான் மிச்சம். அறைக்குத் திரும்பிப் பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள்.

"நாலாவது கடை பன்னெண்டு அடி தள்ளி இருக்கு. மேப்பு தப்பு," என்றார், புதையல் எடுத்த பூரிப்பில்.

சாயங்காலம் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பார்சல் சொன்னார். வந்து பிரித்தால் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் மதியம். நாலரைக்கு ரயில். டேப்பு மறுபடி நோட்டை எடுத்தார். "நேத்து பாத்தது போற அளவு. இன்னிக்கு வர்ற அளவு."

மகள் வாயைத் திறந்தாள். "போற தூரம்தானேப்பா வர்ற தூரமும்?"

"காலேஜு படிக்கிற புள்ள பேசற பேச்சா இது?"

சமையல்காரம்மா எழுந்தாள். செருப்பை மாட்டினாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஓட்டல் சுவரை ஒட்டியே, பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு கடை. மேப்பில் இல்லாத பாவத்துக்கு அது டேப்பின் ஏழில் சேரவில்லை.

"உக்காருக்கா, இப்பத்தான் சட்டியிலேருந்து எடுத்தேன்," என்றாள் பரிமாறுகிறவள்.

மீனின் ஆவி முகத்தில் அடித்தது. விரல் சுட்டது, நாக்கும் சுட்டது. உப்புப் பார்க்கிறபோது சுடுகிற சூடு வேறு, பசித்துத் தின்கிறபோது சுடுகிற சூடு வேறு. ஊதி ஊதித் தின்றாள்.

நோட்டோடு டேப்பு வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, இது எத்தன அடி?"

"எண்ணலைங்க," என்றாள், வாயில் மீனோடு. "நீங்க மேல ரூம்லேருந்து எண்ணிட்டு வாங்க. நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

கிண்டல் என்று மகளுக்குப் புரிந்தது. பரிமாறுகிறவளுக்குக் கூடப் புரிந்தது. டேப்பு படியேறினார், எண்ணத்தான்.