பின்சீட்டில் காலி இடம்

பாலசுப்ரமணியம் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு பாக்கப் போக லீவு கிடைக்கலை" என்பார். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர் நாற்காலி, லோதி ரோட்டில் குவார்ட்டர்ஸ், ஞாயிற்றுக்கிழமையானால் ஜனக்புரியில் தங்கை மதுமதி வீடு. கடலூரிலிருந்து டெல்லிக்கு வந்த மனுஷருக்கு வாழ்க்கை என்று இருந்தது இவ்வளவுதான். மூன்றாவது இல்லாமல் போயிருந்தால் முதல் இரண்டையும் என்றைக்கோ உதறியிருப்பார்.

ஞாயிறு காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி, பைக்குள் பையாக நாலு பை போட்டு ஒளித்துக்கொண்டு மெட்ரோ ஏறுவார். பக்கத்து ஆள் மூக்கைப் பிடித்தால் இவரும் சேர்ந்து பிடித்துக்கொள்வார். தங்கை குழம்பு வைப்பாள். மருமகள், தங்கை பெண் வைஷ்ணவி, பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாகப் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் அவருடைய வாரம் முழுக்க ஓடிவிடும்.

வைஷ்ணவி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தாள். மதுமதிக்கு பேங்க் வேலை. புருஷன் கலியமூர்த்திக்கு மாதத்தில் பாதி நாள் டூர். கோச்சிங், டெஸ்ட், டான்ஸ், கோயில், பிறந்தநாள் பார்ட்டி என்று மகளோடு ஓடி ஓடி ஒருநாள் மதுமதி அடுப்படியிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்தாள்: அவசியமானது மட்டும் போதும். டான்ஸ் போயிற்று, பார்ட்டி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விருந்தும் போயிற்று. அவளைக் குறை சொல்ல முடியாது, பாவம்.

"தப்பா எடுத்துக்காதண்ணா. சண்டே வைஷுவுக்கு டெஸ்ட். நீ வந்தா சமையல், பேச்சுன்னு பாதி நாள் போயிடுது. பரீட்சை முடியட்டும்."

"அச்சா, அச்சா. படிப்புதாம்மா முக்கியம்."

அந்த ஞாயிறும் பழக்கதோஷத்தில் வஞ்சிரம் வாங்கிவிட்டார். தனக்கென்று குழம்பு வைத்து, சாப்பிடப் பிடிக்காமல், கீழ் வீட்டில் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் அவருக்கு ரிட்டையர்மென்ட். அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, குடும்பத்தோடு ஆபீஸ் காரில் ஏற்றி வீட்டில் கொண்டுவிடுவது அவர்கள் செக்‌ஷன் வழக்கம். எத்தனையோ பேரை அப்படி வழியனுப்பியவர் அவர். கூட வேலை பார்க்கும் பூவராகவன், "சிஸ்டர் வராங்கல்ல சார்? சேர் போடணும்" என்று கேட்டார். "வராம இருப்பாளா?" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் போன் செய்தார்.

"மது, செவ்வாக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் இங்க வர முடியுமா?"

"செவ்வாக்கிழமையா? வைஷுவ கோச்சிங்ல விடணுமே. ரொம்ப அவசியமாண்ணா?"

ரிட்டையர்மென்ட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. கூடப் பிறந்தவள், அவளாக ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா என்ற ரோஷம் மறித்தது.

"இல்லம்மா, சும்மாதான்."

செவ்வாய்க்கிழமை அவர் பக்கத்து நாற்காலியில் யாரோ பொக்கேயை வைத்தார்கள். எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும் டிரைவர் இன்னொரு பக்கத்துக் கதவையும் திறந்துவிட்டு, வேறு யாரும் வரவில்லை என்று புரிந்ததும் சத்தமில்லாமல் சாத்தினார். குவார்ட்டர்ஸுக்குப் போக மனசு வரவில்லை.

"ஜனக்புரி சலோ, பையா."

மதுமதி சாவியும் கையுமாக வாசலில் நின்றாள். பின்னால் பையை மாட்டிக்கொண்டு வைஷ்ணவி. அண்ணன் கழுத்து மாலையைப் பார்த்ததும் மதுமதியின் முகம் வெளுத்தது.

"இன்னிக்கா? ஐயோ அண்ணா, இதுக்கா கூப்பிட்ட? அவசியமான்னு கேட்டேனே!"

"கேட்டம்மா. நான்தான் இல்லன்னேன்."

அவள் செருப்பு ஸ்டாண்டு மேலேயே உட்கார்ந்து அழுதாள். வைஷ்ணவி பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"டெஸ்ட்டாவது ஒண்ணாவது. இந்த சண்டே வாண்ணா. எல்லா சண்டேவும் வா" என்றாள் மதுமதி.

அவர் மாலையைக் கழற்றி மருமகள் கையில் கொடுத்தார்.

"இந்த சண்டே சாமான் கட்டணும் மது. ஊரோடவே போயிடலாம்னு திங்கக்கிழமை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. இனி எனக்கு இங்க என்ன இருக்குன்னு நெனச்சுட்டேன்" என்றார்.