வெர்டெல் கொடுத்த விலாசம்

மேக்கன் ஊரில் கல்யாண கவுனுக்கு இடுப்பு பிடிக்க வேண்டுமென்றால் வெர்டெல் ப்ரூயிட்டிடம்தான் போவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஊசி பிடித்த கை. புருஷன் ஓதா இறந்துபோன பிறகு கடை, வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்று மூன்று இடத்தைத் தாண்டி அவள் கார் போனதில்லை. மனசு மட்டும் எண்பத்தைந்து மைல் தள்ளி, சினிமா ஸ்டூடியோக்கள் இருக்கிற அட்லாண்டாவில் கிடந்தது.

எல்லாம் ஒரு பொத்தானால் வந்தது. நாலு வருஷத்துக்கு முன் மேக்கன் கடைத்தெருவில் படப்பிடிப்பு நடந்தபோது நடிகரின் கோட்டுப் பொத்தான் அறுந்துவிட்டது. உடைப் பிரிவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து மண்டிபோட்டுத் தைத்தாள். கேமரா, விளக்கு, குதிரை வண்டி, இருநூறு ஆட்கள், அத்தனையும் அந்த ஒரு ஊசிக்காக வாயை மூடிக்கொண்டு நின்றது. வேடிக்கை பார்க்கப் போன வெர்டெல் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஊசிக்காக யார் அப்படி நின்றிருக்கிறார்கள்? முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று பிடரியில் நிற்கிறவர்கள்தான் உண்டு.

அன்று பிடித்த பைத்தியம். சினிமா வேலை தேடும் இணையதளம் ஒன்று விடாமல் பெயரைப் பதிந்தாள். அட்லாண்டா படப்பிடிப்பு ஆட்களின் இணையக் குழுவில் சேர்ந்தாள். அங்கே "நாளைக்குத் தையல் தெரிந்தவர் தேவை" என்று யாராவது போட்டால் நாலு நிமிஷத்தில் ஆள் கிடைத்துவிடும். கீழே "எனக்கு விருப்பம்" என்று எழுதுகிறவரைச் சீந்தவே மாட்டார்கள். சத்தம் காட்டாமல் மின்னஞ்சலில் விவரம் அனுப்ப வேண்டும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொன்னால் வாய் வலித்துவிடுமா என்ன? வெர்டெல் ஒரு வருஷம் விருப்பம், விருப்பம் என்று எழுதிச் சலித்த பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

இன்னொன்றும் தெரிந்தது. வெளியூர்க்காரியை யாரும் கூப்பிடுவதில்லை. ஆகவே அந்தக் குழுவில் பாதிப்பேர் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள். அட்லாண்டாவில் இருக்கும் பெரியப்பா மகள் ரோசெட்டாவின் விலாசத்தைத் தன் விலாசமென்று போட்டாள்.

"என் விலாசம் மட்டும் இனிக்குது, என் வீடு கசக்குதாக்கும்," என்றாள் ரோசெட்டா போனில். "மாடி ரூம் மூணு வருஷமா சும்மாதான் கெடக்கு. வந்து தொலையேண்டி."

"கடைய என்னக்கா பண்றது?"

"கடையாவது கிடையாவது. உனக்குப் பயம்."

வெர்டெல் பேச்சை மாற்றினாள். அக்கா சொன்னது அப்படியே உண்மை.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த அழைப்பு வந்தது.

"வெர்டெல் மேடமா? நான் பிரைஸ், உடைப் பிரிவு. எங்க தையல்காரம்மாவுக்குத் திடீர்னு உடம்புக்கு முடியல. பத்தொம்பது கோட்டுக்குக் கை நீளம் கொறைக்கணும். இன்னிக்கு ஃப்ரீயா?"

"ஃப்ரீதான்," என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பாடா. லிஸ்ட்ல நீங்கதான் எங்க கேட்டுக்கு ரொம்பப் பக்கம். அதனாலதான் மத்தவங்கள விட்டுட்டு உங்களக் கூப்பிட்டேன். அரை மணி நேரத்துல வந்துருவீங்கல்ல?"

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வந்துர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டாள். தையல் பெட்டி ஒரு வருஷமாகத் தயாராகவே இருந்தது. அதைத் தூக்கி முன் சீட்டில் வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

அரை மணி ஆனதும் போன் அடித்தது. எடுத்து என்ன சொல்வது? எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அதற்கப்புறம் அடிக்கவே இல்லை. வழியில் மெக்டோனோ ஊரில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அடி, ஒரே ஒரு தரம் அடி என்று அதைக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினாள்.

ஸ்டூடியோ வாசலை எட்டும்போது ஒரு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. வயசான காவலாளி அட்டையில் செருகிய பட்டியலைப் பார்த்தார்.

"உங்க பேரு இருந்துச்சும்மா. இப்பதான் கோடு போட்டு அடிக்கச் சொன்னாங்க. வேற ஒருத்தர் உள்ள போயிட்டாங்க."

"நான் கொஞ்சம் பாக்கலாமாய்யா?"

அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். வெர்டெல் ப்ரூயிட், உடைப் பிரிவு. குறுக்கே ஒரு பேனாக் கோடு. கோட்டுக்கு அடியில் அத்தனை எழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. திரும்பத் திரும்பப் படித்தாள்.

"டிராஃபிக்காம்மா?"

"இல்லய்யா. பொய்."

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, வண்டியைத் திருப்ப இடம் காட்டினார்.

வலது பக்கம் திரும்பினால் மேக்கன் போகிற நெடுஞ்சாலை. அவள் காரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பினாள். இரண்டு சிக்னல், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெட்ரோல் பங்க், அதைத் தாண்டி ரோசெட்டாவின் வீடு. வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ரோசெட்டா குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னடி, செவ்வாக்கெழம அதுவுமா? யாராச்சும் போயிட்டாங்களா?"

வெர்டெல் ஸ்டியரிங்கை விடவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"ஸ்டூடியோ கேட்டுலேர்ந்து இங்க வர பதினோரு நிமிஷம்தான்க்கா," என்றாள்.

ரோசெட்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன் சீட்டில் இருந்த தையல் பெட்டியைப் பார்த்தாள், தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள்.