வேம்புக்குக் கட்டிய மஞ்சள் துணி

பெரம்பலூரில் எங்கள் குடியிருப்பின் பூங்கா இடத்தில் பதினான்கு மரங்கள் இருந்தன. பதின்மூன்று புங்கன், ஒரு வேம்பு. மனை பிரித்தபோது நகராட்சிக்கு எழுதிக்கொடுத்த இடம் அது. தினமும் அங்கேதான் நடப்பேன், நடக்கும்போது எண்ணுவேன். எண்ணாவிட்டால் ஒன்று குறைந்துவிடும் என்று ஒரு பயம்.

போன வருடம் மோட்டார் அறை கட்டுவதற்காக வேம்பை வெட்டப்போவதாகச் சொல்லி, நகராட்சி ஆட்கள் அதில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். மனு கொடுத்தால் அது மேசை மேசையாக நகர்வதற்குள் மரம் விறகாகிவிடும். மறுநாள் விடியுமுன் மரத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, மூன்று குங்குமப் பொட்டு வைத்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. வெட்ட வந்தவர்கள் பொட்டைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்கள். மோட்டார் அறை மூலைக்குப் போனது.

அடுத்து மரத்தடியில் ஒரு கல் வந்தது. பிறகு மேடை, தகரக் கூரை, சுற்றிலும் சிமெண்டுத் தரை. ஆடியில் கூழ் ஊற்ற இடம் போதவில்லை என்று நான்கு புங்கனை வெட்டினார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கப் போனால், துணி கட்டியது யார் என்ற பேச்சு வரும்.

போன மாதம் நகராட்சி அதிகாரி டேப்போடு வந்தார். அனுமதியில்லாத கட்டடம், இடித்துப் பூங்காவை மீட்கவேண்டும் என்றார். தெரு கூடிவிட்டது. இது எத்தனை காலத்துக் கோயில் என்று அவர் கேட்க, எதிர்வீட்டு அம்மா என்னைக் கை காட்டினார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போதுதான் அவருடைய மகள் உண்டாகியிருக்கிறாள். வேம்புக்குத் தினமும் விளக்கேற்றுபவர் அவர். துணி கட்டிய அன்று விடியுமுன் வாசல் தெளிக்க வந்தவர் என்னைப் பார்த்திருக்கவேண்டும்.

“சாரைக் கேளுங்க. அவருதான் மொத மொத துணி கட்டினாரு. ஆத்தா கனவுல வந்து சொன்னாளாம்.”

மீதி ஒன்பது புங்கனும் என் பதிலை நம்பி நின்றன.

“கனவெல்லாம் இல்லீங்க. மரத்த வெட்டிடக் கூடாதுன்னு நான் கட்டினது. அங்க சாமி எதுவும் இல்ல” என்றேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. சிரித்தார். “நம்பாதவரு கையாலயே கட்ட வச்சிருக்கா பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதிகாரி டேப்பைச் சுருட்டினார். இனி ஒரு மரத்தைத் தொட்டாலும் போலீஸ் வரும் என்று எச்சரித்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்.

வெட்டிய நான்குக்குப் பதில் நான்கு கன்றாவது தரமுடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

“தரேன் சார். எங்க நடுவீங்க? மண்ணே இல்லையே.”

சுற்றிலும் பார்த்தேன். என் வீட்டு வாசலில், வண்டி ஏற்றுவதற்காகத் தெருவுக்குள் நான்கடி நீட்டிப் போட்ட சிமெண்டுச் சரிவு கண்ணில் பட்டது. அதுவும் நகராட்சி இடம்தான். மறுநாள் ஆள் வைத்து உடைத்தேன். வண்டியை இனி எங்கே ஏற்றுவது என்று மகன் போனில் சத்தம் போட்டான்.

அங்கே இரண்டு கன்றுக்குத்தான் இடமிருந்தது. மற்ற இரண்டும் மாடிப்படியின் கீழே பிளாஸ்டிக் பையிலேயே இருக்கின்றன. வேர் பையைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு வாசலிலும் அதே அளவு சரிவு இருக்கிறது. அந்த அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.